சேலமும் ஏற்காடும்: வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சித்திரை பிறந்தால் போதும், சேலத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் போன் வரத் தொடங்கிவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். "ஏற்காடு வர்றோம், என்ன பாக்கலாம், எங்க சாப்பிடலாம்?" தனித்தனியாகச் சொல்லும் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஏற்காட்டுக்குத்தான் வருகிறோம். சேலத்தில் இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வரும் இடங்களாக இருக்காது. சேலம் உழைக்கிற ஊர். அம்மாப்பேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் தறி, செவ்வாய்ப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் வெள்ளிப் பட்டறை, லீ பஜாரில் மளிகை மொத்த வியாபாரம், ஊரைத் தாண்டினால் ஜவ்வரிசி ஆலை. பேட்டைக்கு ஒரு தொழில், பேட்டைக்கு ஒரு மாரியம்மன், சாயங்காலமானால் பேட்டைக்கு நாலு தட்டுவடை வண்டி. இந்த ஊரை அதன் வேலை நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். காரில் ஏசி போட்டுக்கொண்டு ஐந்து ரோட்டைக் கடந்து, அஸ்தம்பட்டி வழியாக நேரே மலையேறிவிட்டு, "சேலத்துல ஒண்ணும் இல்லையே" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஒரு முழு நாளை ஊருக்குக் கொடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம் நல்லது?

மூன்று நாள் இருந்தால் நிறைவாக இருக்கும். ஊருக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, தாரமங்கலம், மேட்டூர் பக்கம் ஒன்று. இரண்டே நாள்தான் என்றால் மூன்றாவதை விட்டுவிடுங்கள், முதலாவதை விடாதீர்கள்.

வெயில் தாங்காதவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வரலாம். மாம்பழம் வேண்டுமென்றால் மே, ஜூன். திருவிழா பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து மத்தியான வெயிலில் வெளியே நடக்கவே முடியாது. காலை பத்து மணிக்குள் ஒரு சுற்று, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு சுற்று, நடுவில் சாப்பாடும் தூக்கமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி வருவது? எங்கே தங்குவது?

ரயிலில் வருவதுதான் சுலபம். சென்னை - கோவை பாதையில் போகும் வண்டிகள் பெரும்பாலும் சேலம் ஜங்ஷனில் நிற்கும். ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். அங்கிருந்து புதிய பஸ் நிலையத்துக்கு டவுன் பஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். சாலை வழியாகச் சென்னையிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 200, கோவையிலிருந்து 160. ஊரைச் சுற்றிப் பார்க்கத் தங்குவதானால் புதிய பஸ் நிலையம், ஐந்து ரோடு பகுதியில் எல்லா விலையிலும் அறைகள் உண்டு. சனி, ஞாயிறில் ஏற்காட்டில் அறை வாடகை ஏறிவிடும். அந்த நாள்களில் சேலத்தில் தங்கி, விடியற்காலை மலையேறுவது நல்லது.

ஊருக்குள் எங்கிருந்து தொடங்கலாம்?

கோட்டையிலிருந்து. கோட்டை என்று பெயர்தான் மிச்சம், மதில் கிடையாது. ஆனால் கோட்டை மாரியம்மனும், கோட்டை அழகிரிநாதர் பெருமாளும் அங்கேயே இருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் சுகவனேஸ்வரர் கோயில். சுகர் முனிவர் கிளி உருவத்தில் இங்கே சிவனை வழிபட்டதாகவும், வேடன் ஒருவன் கோடரியை வீசியபோது லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்ததாகவும் தலபுராணம். அருணகிரிநாதர் இங்கே உள்ள முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். காலை ஏழு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது. உள்ளே கல் தரை குளிர்ந்து கிடக்கும்.

இந்தக் கோயில்களை ஒட்டித்தான் திருமணிமுத்தாறு ஓடுகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து, ஊரின் நடுவே புகுந்து, நாமக்கல் பக்கம் போய்க் காவிரியில் சேரும் ஆறு. இன்று ஊருக்குள் அது சாக்கடையும் சாயக் கழிவும் சுமக்கிற கால்வாயாகத்தான் தெரியும். பாலத்தின் மேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊர் உருவானதே இந்த ஆற்றங்கரையில்தான். அதைச் சுத்தப்படுத்தாமல் சேலத்தின் அழகைப் பற்றி முழு மனதோடு பேச முடியவில்லை.

அங்கிருந்து பெரியகடை வீதி, சின்னக்கடை வீதி, அப்படியே செவ்வாய்ப்பேட்டை என்று நடந்தே போகலாம். பூ, பழம், பாத்திரம், ஜவுளி என்று தெருத் தெருவாக மாறிக்கொண்டே வரும்.

பழைய வரலாறு, அரசியல் என்று ஏதாவது இருக்கிறதா?

1792இல் சீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அப்போது இங்கே நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவரிடம் உதவியாளராக வேலை பழகியவர்தான், பின்னால் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, தரம் பிரித்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு ஆரம்பப் பாடம் இந்த வட்டாரத்து வயல்களில்தான் நடந்தது.

அப்புறம் ராஜாஜி. 1900 முதல் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917இல் நகராட்சித் தலைவரானார். மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1920இல் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய சி. விஜயராகவாச்சாரியாரும் சேலத்துக்காரர். 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் இங்கே நடந்த மாநாட்டில்தான். எதிரெதிரான இரண்டு அரசியலும் ஒரே ஊரில் வளர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

சினிமா ஆர்வம் இருப்பவர்கள் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவைப் பார்க்காமல் போக வேண்டாம். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ அது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. கருணாநிதி வசனம் எழுதியதும் எம்.ஜி.ஆர். நடித்ததும் அந்த வளாகத்துக்குள்தான். மலையாளத்தின் முதல் பேசும் படமும் அங்கேதான் எடுக்கப்பட்டது. ஸ்டூடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.

தட்டுவடை செட் என்கிறார்களே, அது என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன்.

முதலில் தட்டுவடை. அரிசி மாவில் உளுந்து மாவு, பொட்டுக்கடலை, மிளகாய் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, சின்ன வட்டமாகத் தட்டி, மொறுமொறுவென்று பொரித்தெடுப்பது. மற்ற ஊர்களில் தட்டை என்று டப்பாவில் போட்டு வைப்பார்கள் அல்லவா, அதன் குட்டி வடிவம். சேலத்துக்காரர்கள் அதை வெறுமனே சாப்பிட்டு நிறுத்தவில்லை.

வண்டிக்காரர் தட்டில் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்புவார். ஒவ்வொன்றின் மேலும் புதினா, கொத்தமல்லி அரைத்த பச்சைச் சட்னி ஒரு தீற்று, காய்ந்த மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி ஒரு தீற்று. அதன் மேல் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மாங்காய்க் காலமாக இருந்தால் மாங்காய்த் துருவலும் உண்டு. பிறகு இன்னொரு தட்டுவடையை மேலே வைத்து லேசாக அழுத்துவார். அவ்வளவுதான், ஒரு செட். கை எவ்வளவு வேகமாக ஓடும் என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு நிரம்பியிருக்கும். "காரம் தூக்கலாவா, கம்மியாவாங்க?" என்று கேட்பார். முதல் முறை என்றால் கம்மி என்றே சொல்லுங்கள்.

முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துத் தின்றால் சட்னி ஒரு பக்கம், பீட்ரூட் ஒரு பக்கம் சட்டையில் விழும். ரொம்ப நேரம் வைத்திருந்தாலும் தட்டுவடை நமத்துவிடும். அதனால் பார்சல் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வண்டியின் பக்கத்தில் நின்று சாப்பிடுவதுதான் முறை.

இதிலேயே பல கிளைகள் உண்டு. தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் நொறுக்கி, சட்னியும் காயும் பிசறினால் நொறுக்கல். அதில் அவித்த முட்டையைச் சேர்த்தால் முட்டை நொறுக்கல். காரப்பொரி, தக்காளி செட், பூண்டு செட் என்று ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறப்பு இருக்கும். கடைப் பெயர் சொல்லச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வதில்லை. செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, குகை, எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு மேல் வண்டி நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலை முடிந்து வருகிறவர்களும் எந்த வண்டியைச் சுற்றி நிற்கிறார்களோ அங்கே போங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

கறி நன்றாக இருக்கும் ஊர் இது. காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டூர் போகும் வழியில் மேச்சேரி என்று ஓர் ஊர், அந்தப் பெயரிலேயே ஒரு செம்மறி ஆட்டு இனம் உண்டு. வறண்ட நிலத்தில் மேய்ந்து வளரும் ஆடு, கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. மத்தியானம் ஏதாவது ஒரு மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்து, ஆட்டுக்கறிக் குழம்பு, குடல், தலைக்கறி என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் எசன்ஸ் தோசை. கறிக் குழம்பின் கெட்டியான மசாலாவைத் தோசை மேல் ஊற்றித் தேய்த்து வார்ப்பார்கள். இரண்டுக்கு மேல் சாப்பிட முடியாது.

மாம்பழம் எப்போது, எங்கே வாங்குவது?

ஏப்ரலில் வரத்து தொடங்கும், ஜூலை வரை இருக்கும். ஆனால் அவசரப்பட்டு சித்திரையிலேயே மல்கோவா கேட்காதீர்கள். நல்ல மல்கோவா மே நடுவிலிருந்து ஜூன் வரைதான். உருண்டையாக, கனமாக, கையில் ஒன்றை எடுத்தாலே போதும் போலிருக்கும். நார் இருக்காது. இமாம் பசந்த் தோல் மெல்லியது, அடிபட்டால் தாங்காது. அதை வாங்கினால் அன்றைக்கோ மறுநாளோ சாப்பிட்டுவிடுங்கள். வயதானவர்கள் இன்னும் குதாதத், நடுசாலை என்று பெயர் சொல்லித் தேடுவார்கள். அவை இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள்.

கடைவீதியில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். வரகம்பாடி போன்ற தோப்பு ஊர்களிலிருந்து வருவது அதிகம். தோல் முழுக்க ஒரே மாதிரி பளிச்சென்ற மஞ்சளாக இருந்து, மூக்கருகே கொண்டுபோனால் வாசனையே வராவிட்டால் அது கல் வைத்துப் பழுத்தது, விட்டுவிடுங்கள். காம்புப் பக்கம் மணக்க வேண்டும். ஊருக்குக் கொண்டுபோவதானால் செங்காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசியிலோ வைத்துப் பழுக்க விடுங்கள்.

வெள்ளிக் கொலுசு சேலத்தில் வாங்கலாமா?

வாங்கலாம். தமிழ்நாட்டின் பல ஊர்க் கடைகளில் நீங்கள் பார்க்கும் கொலுசு இங்கிருந்து போனதாகவே இருக்கும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பள்ளப்பட்டி, மணியனூர் என்று வீடுகளிலேயே பட்டறை இருக்கிறது. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் வளையம் கோத்துப் பற்றவைப்பார்கள், மற்றொரு வீட்டில் சலங்கை கட்டுவார்கள், கடைசியாக மெருகு. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கண்ணுக்குத் தெரியாத வளையங்களைக் கோக்கும் வேகத்தைப் பார்த்தால், கடையில் பேரம் பேச மனசு வராது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "எத்தனை டச்?" வெள்ளியின் சுத்தத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். டச் கூடக் கூட விலை கூடும். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பட்டும் நெசவும்?

சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வேட்டி எடுக்க இங்கே வருகிறவர்கள் உண்டு. தேவாங்கர், செங்குந்தர், சௌராஷ்டிரர் என்று பல நெசவுச் சமூகங்கள் தலைமுறைகளாக இந்த ஊரில் தறி போட்டிருக்கின்றன. சேலை வேண்டுமென்றால் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி இளம்பிள்ளை. தெரு முழுக்கச் சேலைக் கடைதான். பண்டிகைக்கு முன்னால் போனால் நடக்க இடமிருக்காது. அம்மாப்பேட்டைத் தெருக்களில் பகலில் நடந்தால் இன்னும் சில வீடுகளிலிருந்து கைத்தறிச் சத்தம் கேட்கும். விசைத்தறிச் சத்தம்தான் அதிகம். கைத்தறி நெய்கிறவர் யாராவது கிடைத்து, உள்ளே வந்து பாருங்கள் என்று சொன்னால் மறுக்காதீர்கள்.

ஜவ்வரிசி மரத்தில் காய்ப்பதா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் ஊர் ஜவ்வரிசி குச்சிக்கிழங்கிலிருந்து வருவது. வேறு ஊர்களில் மரவள்ளி, கப்பை என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றுபோனது. அப்போது சேலத்து வியாபாரிகள் கிழங்கு மாவிலேயே செய்து பார்த்தார்கள், தொழிலாக நிலைத்துவிட்டது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளிய வைப்பார்கள். அடியில் படியும் ஈர மாவைத் துணியில் போட்டுத் தொட்டில் ஆட்டுவது போல் ஆட்டினால் அது உருண்டு உருண்டு மணியாகும். பிறகு வறுத்து, களத்தில் வெயிலில் உலர்த்துவார்கள். ஆத்தூர் சாலையில் போனால் வெள்ளை வெளேரென்று காயும் களங்களைப் பார்க்கலாம். கூட்டுறவு விற்பனைக்கென்று சேகோசர்வ் 1981இல் தொடங்கியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆடி மாதம் வந்தால் என்ன பார்க்கலாம்?

ஆடியில் சேலம் வேறு ஊர். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் பண்டிகை தொடங்கிவிடும். கோட்டை அம்மன்தான் மற்ற எல்லோருக்கும் தலைவி என்பது ஊரின் நம்பிக்கை. மாவிளக்கு, பொங்கல், உருளுதண்டம், கரகம் என்று இரண்டு மூன்று வாரம் ஊரே ஈரமும் மஞ்சளுமாக இருக்கும். வேப்பிலை இல்லாத வீட்டு வாசலைப் பார்ப்பது கஷ்டம். உள்ளூர் விடுமுறையும் உண்டு.

இதில் நீங்கள் தவறவிடக் கூடாதது, குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கை. வேண்டிக்கொண்டவர்கள் சிவன், பார்வதி, முருகன், கண்ணன், நாரதர் என்று வேடம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் ஏறி ஊர்வலமாக வருவார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. மாட்டு வண்டிகளோடு இப்போது லாரியும் டிராக்டரும் சேர்ந்துவிட்டன, ஆனால் வேடத்தின் சிரத்தை குறையவில்லை. தினமும் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் அண்ணன், அன்றைக்கு உடம்பெல்லாம் நீலம் பூசி, கண்ணிமைக்காமல் மணிக்கணக்கில் வண்டியில் நிற்பார். கீழே நின்று அவருடைய அம்மாவே கும்பிடுவார். இருட்டுவதற்கு முன்பே போய் இடம் பிடித்துவிடுங்கள், குழந்தைகள் இருந்தால் மாடி வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அந்த நாளில் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஏற்காட்டுக்கு எந்த வழியில் போவது?

இரண்டு சாலைகள். கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறுவது வழக்கமான பாதை, சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று குப்பனூர் வழி. அதில் கூட்டம் குறைவு. முதல் வழியில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்கினால் மலையின் இரண்டு முகத்தையும் பார்த்த மாதிரி ஆகும். கோடை விழா நாள்களில் போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவதுண்டு, கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அரசு பஸ் சேலத்திலிருந்து நாள் முழுக்க இருக்கிறது. வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, வயிற்றில் பாதி மட்டும் நிரப்பிக்கொண்டு வாருங்கள். இரவில் ஓட்டுவதைத் தவிருங்கள். காட்டுமாடு சாலைக்கு வரும்.

ஏரி, பூங்கா தவிர ஏற்காட்டில் என்ன இருக்கிறது?

படகு விடும் ஏரியும் அண்ணா பூங்காவும் எல்லோரும் போகும் இடம், நீங்களும் போங்கள், தப்பில்லை. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் மாலை மங்கியதும் கீழே சேலம் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டு தெரியும். பகோடா முனையில் காற்றும் மிளகாய் பஜ்ஜியும் பிரமாதம். கிளியூர் அருவி மழைக்காலத்துக்கு மட்டும்தான். ஏரி நிரம்பி வழிந்தால் அருவியில் தண்ணீர் இருக்கும், கோடையில் போனால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம்.

நான் எல்லோரையும் அனுப்பும் இடம், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். 1960களில் தொடங்கியது. மரத்தைத் தொற்றி வளரும் ஆர்க்கிட் செடிகள் ஏராளம், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் இருக்கிறது. பெரிய பூவாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். குனிந்து பார்த்தால் விரல் நகத்தளவு பூவில் என்னென்னவோ வண்ணம் தெரியும்.

இரண்டாவது, காபித் தோட்டங்களின் நடுவே மலையைச் சுற்றி வரும் லூப் ரோடு. முப்பது கிலோமீட்டருக்கு மேல். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அவர் வாழ்ந்த கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. சில்வர் ஓக் மர நிழலில் காபி, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் சில நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை நினைவுபடுத்தும் மணம். இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், அதற்குள் வந்தவர்கள் பாக்கியசாலிகள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பார்கள், அப்போது செடிகளில் சிவப்பு.

மூன்றாவது, ஹோலி டிரினிட்டி தேவாலயம். அங்கே ராபர்ட் புரூஸ் பூட்டின் நினைவிடம் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்ததை நிறுவியவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வீடு கட்டி வாழ்ந்தார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் படகுக்கு முன்னால் அவர்களை இங்கே கூட்டி வாருங்கள்.

சேர்வராயன் கோயிலுக்குப் போகலாமா?

போக வேண்டும். மலையின் உச்சி அது, 5,300 அடிக்கு மேல். மேலே ஏறியதும் மரங்கள் குறைந்து, பரந்த சமவெளி மாதிரி இருக்கும், காற்று ஆளைத் தள்ளும். கோயில் ஒரு குகை. உள்ளே குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் தெய்வங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களின் குலசாமி. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று மூன்று மலைகளில் குடியேறியதாக அவர்கள் சொல்லும் கதை. மே மாதத் திருவிழாவில் சுற்றுக் கிராமங்கள் எல்லாம் கூடும். அது அவர்களுடைய கோயில், நாம் விருந்தாளி. சத்தமாகப் பாட்டுப் போடுவது, குகைக்குள் செல்பி எடுப்பது எல்லாம் வேண்டாம். போகும் வழியிலும் சுற்றிலும் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டு வராதீர்கள், தயவுசெய்து.

ரயிலில் வரும்போது வெள்ளையாக ஒரு மேடு தெரிகிறதே?

அது மாக்னசைட். சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே கரடு கரடாகச் சுண்ணாம்பு பூசியது போல் தெரியும். அந்த வெள்ளைக் கல்லைச் சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளின் உள்பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்வார்கள். மாக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிறது. மறுபக்கம் தெரியும் கஞ்சமலையில் இரும்புத் தாது. அதன் அடிவாரத்தில் சித்தர் கோயில், அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும்.

ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

யோசிக்காமல் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். சேலத்திலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது. மேற்குப் பார்த்த கோயில். கூரையில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும். யாளியின் வாய்க்குள் கல் உருண்டை, விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

வாலி, சுக்ரீவன் தூணைத் தவறவிடாதீர்கள். ஒரு தூணில் வில்லோடு ராமர், இன்னொரு தூணில் வாலி. ராமர் பக்கம் நின்றால் வாலி தெரிகிறார். வாலி பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். மறைந்து நின்று அம்பு விட்ட கதையை, எந்த இடத்தில் எந்தத் தூணை நிறுத்துவது என்பதிலேயே சிற்பி சொல்லிவிட்டார். கூட வருகிறவர்களை ஆளுக்கொரு தூணருகே நிறுத்திப் பாருங்கள். ரதியையும் மன்மதனையும் இதே மாதிரி வைத்திருக்கிறார். கோயிலில் இருக்கும் யாரையாவது கேட்டால் ஆர்வமாகக் காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், மத்தியானம் நடை சாத்தியிருக்கும்.

மேட்டூர், சங்ககிரி?

தாரமங்கலத்திலிருந்து அப்படியே மேட்டூர் போகலாம். 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. டெல்டாக்காரர்கள் ஜூன் 12 என்ற தேதியை இதை வைத்துத்தான் எண்ணுவார்கள், குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் நாள். அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டு, பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடுங்கள். கட்லாவைவிட ஜிலேபி மீன் எனக்குப் பிடிக்கும். நீர்மட்டம் நன்றாக இறங்கிய வருடமாக இருந்தால் பண்ணவாடிப் பக்கம் போங்கள். அணைக்காக மூழ்கிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே வந்திருக்கும்.

சங்ககிரி வேறு திசை, ஈரோடு போகும் வழி. தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம். மலைக்கோட்டைக்கு ஏற விடியற்காலை போக வேண்டும், தண்ணீர் கையோடு வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு நினைவிடத்தில் பெருங்கூட்டம் இருக்கும்.

சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். எதை விடலாம்?

கிளியூர் அருவியையும் சங்ககிரிக் கோட்டையையும் விட்டுவிடுங்கள். மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஏற்காட்டில் சாயங்காலத்துக்கு ஸ்வெட்டர் வேண்டும், குறிப்பாக டிசம்பர், ஜனவரியில்.

ஊருக்குத் திரும்பும்போது என்ன வாங்கிப் போகலாம்?

ஏற்காட்டில் மிளகும் காபிக்கொட்டையும். காபி வாங்கும்போது சிக்கரி கலக்காமல், உங்கள் கண் முன்னால் அரைத்துத் தரச் சொல்லுங்கள். பருவம் பார்த்து ஆரஞ்சும் பலாவும் சாலையோரத்தில் கிடைக்கும், தோட்டத்து ஆட்களே விற்பார்கள். சேலத்தில் ஜவ்வரிசி, லீ பஜாரில் மொத்த விலைக்கே தருவார்கள். மே, ஜூன் என்றால் ஒரு கூடை மல்கோவா. தட்டுவடையை மட்டும், சட்னி இல்லாமல், பாக்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் பத்து நாளைக்கு மொறுமொறுப்பு குறையாது. பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். பூண்டைத் தாராளமாகப் போடுங்கள்.